பெல் துரையும் பாரமில்லாத் துவக்கும்

வேட்டைக்குத் துவக்கு ஒன்றைத் தெரிந்தெடுப்போர் முதலிற் கேட்பது, அது எத்தனை பெரிய விலங்கை வீழ்த்தும் என்பதே. அது எத்தனை இறாத்தல் நிறை என்று கேட்போர் குறைவு. மலைச்சாரலிலே ஒரு மானைப் பின்தொடர்ந்து நாள் முழுவதும் நடந்து, மாலையில் மூச்சிரைக்க ஒரு பாறையின்மேல் முழங்கையை ஊன்றிக் குறிபார்க்க நேர்ந்தவனுக்கே அந்த இரண்டாவது கேள்வியின் அருமை தெரியும். அக்கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாக வைத்துப் போன ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். வோல்ட்டர் டல்ரிம்பிள் மெயிற்லண்ட் பெல் என்பது அவருடைய முழுப்பெயர். ஆபிரிக்காவிலே யானை வேட்டையாடிப் புகழ் பெற்றமையால் கரமோஜோ பெல் என்றே உலகம் அவரை அறியும்.

நம் நாட்டிலே வெள்ளைக்காரத் துரைமார் வேட்டையாடிய காலத்தை நினைத்துப் பார்த்தால், பெல் செய்த புதுமை எளிதில் விளங்கும். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவிற் குடியிருந்த சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவரைக் கொண்டு செய்வித்த றைபிள் ஒன்றை வைத்திருந்தார். அதன் நிறை 21 இறாத்தல். ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டில் ஓடுவதற்கு அது சமம். கருமருந்துக் காலத்தில் இது வீண் ஆடம்பரமன்று. கருமருந்து குண்டை விரைவாகச் செலுத்தாது. வேகத்திற் கிடைக்காத வலிமையைப் பாரத்திலேதான் தேடவேண்டும். குண்டு பருத்தால் மருந்து மிகவேண்டும்; மருந்து மிகுந்தால் உதைப்பு மிகும்; உதைப்பைத் தாங்குவதற்குத் துவக்கும் பாரமாகவேண்டும். பேக்கர் மரைவேட்டையிலே துவக்கைக் காட்டிலும் நாய்களையும் கத்தியையும் பெரிதாக நம்பியமைக்கு இதுவும் ஒரு காரணமோ என்று நான் எண்ணுவதுண்டு.

1884 இல் பிரான்சிலே புகையில்லா மருந்து கண்டுபிடிக்கப்பட்டதும் இந்தக் கணக்கு முழுவதும் மாறிற்று. சன்னம் மெலிந்து நீண்டது, உலோகக் கவசம் பூண்டது, வேகமோ பன்மடங்காயிற்று. 1880 செப்டம்பர் 8 இல் எடின்பரோ நகருக்கு அண்மையிலே பிறந்த பெல், இப்புதிய மருந்தோடு கூடவே வளர்ந்தவர் எனலாம்.

செல்வக் குடும்பத்திற் பிறந்தும் அவருக்குப் பெற்றார் கொடுத்து வைக்கவில்லை. இரண்டு வயதிலே தாயையும் ஆறு வயதிலே தந்தையையும் இழந்தார். மூத்த சகோதரர் வளர்த்தனர். பாடசாலைகள் பலவற்றில் விட்டுப் பார்த்தனர், ஒவ்வொன்றிலிருந்தும் ஓடினார். பதின்மூன்றாம் வயதிலே கடலேறினார். பதினாறு வயதிலே கிழக்கு ஆபிரிக்காவில் இறங்கி, அப்போது போடப்பட்டுக்கொண்டிருந்த உகண்டா ரெயில்பாதையிலே சிங்கங்களைச் சுடும் உத்தியோகம் ஒன்றைப் பெற்றார். நம் ஊரிலே அந்த வயதுப் பையனை வயலுக்குத் தனியே காவலுக்கு அனுப்பவும் தாய்மார் தயங்குவார்கள்.

அன்று அவர் கையில் இருந்தது ஒரே தோட்டாவைப் போட்டுச் சுடும் .303 றைபிள். எடின்பரோவிலே துவக்குச் செய்த பிரேசர் என்பவரின் கைவேலை அது. பார்வைக்கு அழகானது, ஸ்கொத்லாந்தின் குளிருக்கு ஏற்றது. ஆபிரிக்க வெயிலிலே வெடித்த தோட்டாவின் கோது குழலுக்குள் இறுகி வெளிவர மறுத்தது. அதைக் கொடுத்துவிட்டுக் கருமருந்துத் துவக்கு ஒன்றை மாற்றிக்கொண்டார். அதற்குக் கிடைத்ததோ முனை குழிந்த சன்னம். ஆழப் பாயவேண்டிய இடத்தில் அது மேலேயே சிதைந்தது. சிங்கத்தின் முன்னே நின்று இந்தப் பாடங்களைப் படித்த பையன் அவற்றை ஒருகாலும் மறக்கவில்லை. துவக்கு இலகுவாக இருந்தால் மட்டும் போதாது. கூப்பிட்டவுடன் வேலை செய்யவேண்டும். சன்னம் போகவேண்டிய இடம்வரை போகவேண்டும். பிற்காலத்திலே அவர் செய்த தெரிவுகள் யாவும் இந்த இரண்டிலிருந்து பிறந்தவையே என்பது என் எண்ணம்.

பின்பு வட அமெரிக்காவிலே யூக்கொன் பிரதேசத்திற் பொன் கிடைக்கிறது என்ற செய்தி அவரை அங்கே இழுத்தது. பொன் கிடைக்கவில்லை. மான் கிடைத்தது. டோசன் நகரத்திலே குவிந்திருந்த பொன்தேடிகளுக்கு இறைச்சி தேவைப்பட்டது; பெல் மான்களைச் சுட்டு விற்றுச் சீவித்தார். உறைபனியிலே, எடுத்த தோட்டா ஒவ்வொன்றும் இறைச்சியாக மாறவேண்டும் என்ற கட்டாயத்தோடு வேட்டையாடியவனுக்குக் குறி தவறுதல் ஒரு வெட்கமன்று, நட்டம். பிற்காலத்துப் பெல்லின் நிதானத்துக்கு இந்த மான் வேட்டையே பள்ளிக்கூடம் என்று கருதுகிறேன். ஆபிரிக்கப் பெருமையைப் பேசுவோர் இதனை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர்.

மீண்டும் ஆபிரிக்கா செல்ல வழி தேடியபோது போயர் யுத்தம் வந்தது. கனேடியக் குதிரைப்படையிலே சேர்ந்தார். ஏறியிருந்த குதிரை சுடப்பட்டு வீழ்ந்ததாற் பகைவர் கையிற் சிக்கி, பின் தப்பி வந்தார். அந்தப் போயர்களின் கையில் இருந்தது 7 மில்லிமீற்றர் மவுசர். அதே தோட்டாவே பின்னர் பெல்லின் பெயரோடு பிரிக்கமுடியாதபடி ஒட்டிக்கொண்டது.

1902 இல் யுத்தம் முடிந்தபின் உகண்டாவின் வடகிழக்கே கிடந்த கரமோஜா என்னும் வறண்ட பிரதேசத்துக்குச் சென்றார். யானைத் தந்தம் தேடிப் போனார் என்பதை மழுப்பிச் சொல்ல வேண்டியதில்லை. அக்காலத்து யானை வேட்டைக்காரர் இரட்டைக் குழல் கொண்ட பெருந்துவக்குகளை நம்பினர். நிறை பதினொன்று பன்னிரண்டு இறாத்தலுக்குக் குறையாது. ஆதலால் துவக்கைப் பின்னே ஓர் ஆள் சுமந்து வருவான். யானையைக் கண்டதும் துரை கையை நீட்டுவார். பெல்லும் அத்தகைய .450/400 துவக்கு ஒன்றை வைத்திருந்தார். ஆனால் தம்மிடமிருந்த சிறிய .303 இராணுவ றைபிளாலும் சுட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் அவர் கண்ட வேற்றுமை ஒன்றே: பெரிய துவக்கு தோளை நோகச் செய்தது, சிறியது செய்யவில்லை. மூளையிற் பட்டால் யானை இரண்டுக்கும் வீழ்ந்தது. படாவிட்டால் இரண்டுக்கும் வீழவில்லை.

அப்படியானால் மூளை எங்கே இருக்கிறது? இதை ஊகத்துக்கு விடாமல், யானை மண்டையோட்டை வாளால் நெடுக்காக அறுத்துப் பார்த்தார். அந்த மாபெரும் தலையிலே பெரும்பகுதி தேன்கூடு போன்ற எலும்பு; மூளையோ பின்னே ஆழத்தில் ஒரு சிறு அறைக்குள் அடங்கிக் கிடப்பது. முன்னிருந்தும், பக்கத்திலிருந்தும், சரிவாகப் பின்னிருந்தும் அந்த அறையை அடையும் கோணங்களை மனத்திற் பதித்துக்கொண்டார். நூறு வேட்டைக்காரர் பாரமான துவக்கை வாங்கித் தீர்க்க முயன்ற பிரச்சினையை ஒருவர் மரம் அரியும் வாளால் தீர்த்தார். அவருடைய வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே.

அதன்பின் அவர் விரும்பி எடுத்தது லண்டன் றிக்பி நிறுவனத்தார் செய்த .275 றைபிள். போயர்களின் மவுசர் தோட்டாவுக்கு அந்த நிறுவனத்தார் இட்ட ஆங்கிலப் பெயரே .275. நிறை ஏழு, ஏழரை இறாத்தல். இதை யானைக்கென்று எவரும் செய்யவில்லை. ஸ்கொத்லாந்து மலைகளிலே செம்மானைப் பதுங்கிச் சென்று சுடும் கனவான்களுக்கு ஏற்ற துவக்கு என்றே அது பெயர் எடுத்தது. குமாவோன் மலைகளிலே ஆட்கொல்லிப் புலிகளைத் தேடித் திரிந்த ஜிம் கோர்பெட்டுக்கு 1907 இல் பரிசாகக் கிடைத்ததும் இதே இனத் துவக்குத்தான். மான்வேட்டைக்குரிய கருவியைப் பெல் யானைக்கு முன் கொண்டு சென்றார். அதற்கு அவர் இட்ட சன்னம் 173 கிறெயின் நிறையுள்ள, முனை உருண்ட, முற்றாகக் கவசமிட்ட இராணுவச் சன்னம். ஏறத்தாழப் பதினைந்தரைக் கிறெயின் ஒரு கிராம். ஆகவே அது பதினொரு கிராமுக்குச் சற்று மேல். மெலிந்து நீண்டிருந்தமையால் வழி விலகாமல், வளையாமல், எலும்பைத் துளைத்து நேரே சென்றது.

இதைவிட இலகுவான 6.5 மில்லிமீற்றர் மன்லிக்கரும் அவரிடம் இருந்தது. கைக்கு அதைப்போல் இதமானது வேறில்லை என்று எண்ணியிருந்தும் அதை ஒதுக்கினார். அதற்குக் கிடைத்த தோட்டாக்கள் நம்பத்தக்கவையாக இல்லை. இலகுவின்மேல் அவருக்கு இருந்தது மோகமன்று என்பதற்கு இது சான்று.

நடையை நினைத்துப் பார்க்கவேண்டும். ஒரு களிற்றுக்குச் சராசரி 73 மைல் நடந்ததாகக் கணக்கிட்டார். ஓராண்டிலே 24 சோடி சப்பாத்துகள் தேய்ந்தன. அத்தனை தூரமும் துவக்கு பின்னே வரும் ஆளிடம் இராமல் தம் கையிலேயே இருக்கவேண்டும் என்றால், அது ஏழு இறாத்தலுக்கு மேற்பட முடியுமா? இன்னுமொரு பயனையும் அவர் கண்டார். சிறிய தோட்டாவின் ஓசை சிறிது. ஒரு யானை வீழ்ந்ததும் கூட்டம் சிதறி ஓடாமல், நடந்தது இன்னதென்று அறியாது நின்றுவிடும்.

இந்த இடத்திலே என் பேனா சற்றுத் தயங்குகிறது. அவர் கொன்ற யானைகளின் தொகை 1,011. அவற்றுள் 28 தவிர ஏனையவை யாவும் களிறுகள். ஏறத்தாழ எண்ணூறு அந்த மான்துவக்கினாலே வீழ்ந்தவை. ஒரே நாளில் ஒன்பது யானைகளைக் கொன்றதும் உண்டு. வேதனையின்றி, ஒரே சன்னத்தால் கொன்றார் என்று அவருக்காக வாதாடுவோர் உளர். அது பெரும்பாலும் உண்மையே. பெரிய களிறு நிற்கும் இடத்தைச் சொன்னவனுக்குப் பசு ஒன்றைப் பரிசாகக் கொடுத்து, இறைச்சி முழுவதையும் அவ்வூரவருக்கே விட்டு, கரமோஜா மக்களோடு பகையின்றி வாழ்ந்தார் என்பதும் உண்மை. ஆயினும் பாரமான துவக்கு வேட்டைக்காரனை மட்டுமன்றி வேட்டையையும் ஓரளவு மட்டுப்படுத்தி வைத்திருந்தது. தோள் நொந்தது; கை களைத்தது; ஓசை யானைகளை விரட்டியது. பெல் அந்தத் தடைகளை ஒவ்வொன்றாக நீக்கினார். எந்தத் திறமையை நான் மேலே புகழ்ந்தேனோ அதுவே அந்த நான்கு இலக்கத் தொகையைச் சாத்தியமாக்கியது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட எனக்கு வழி தெரியவில்லை. கரமோஜாவின் ஒரு பகுதி 1962 இல் கிடெப்போ பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவாயிற்று.

வேறொரு தீங்கும் விளைந்தது. பெல்லின் நூல்களைப் படித்தோர் சிலர் அவருடைய சிறிய துவக்கைக் கண்டார்கள். அறுத்த மண்டையோட்டைக் காணவில்லை. யானையின் உடலமைப்பை அறியாதவன் கையிலே .275 யானைக்கும் ஆபத்து, அவனுக்கும் ஆபத்து. பிற்காலத்தில் ஆபிரிக்க நாடுகள் பல, பெருவிலங்குக்கு .375 இலும் குறைந்த துவக்கு ஆகாதென்று சட்டம் செய்தன. அச்சட்டத்தின்படி பார்த்தால், யானைவேட்டையிற் பெயர் பெற்ற இவருடைய விருப்பத்துக்குரிய துவக்கு யானைக்குத் தகுதியற்றது.

முதலாம் உலக யுத்தத்திலே விமானம் ஓட்டக் கற்றார். கிழக்கு ஆபிரிக்காவில் வேவு பார்க்கப் பறந்தபோது, உடன் வரவேண்டிய பார்வையாளரை விட்டுவிட்டுத் தனியே பறந்து, பகைவரைத் தம் வேட்டைத் துவக்காலேயே சுட முயன்றாராம். இராணுவச் சிலுவை விருது பெற்றார். யுத்தத்தின் பின் சேர் ஏர்னஸ்ட் சோரெஸ் என்பாரின் மகளை மணந்தார். 1921 இல் மேற்கு ஆபிரிக்க நதிகளின் வழியே ஒரு நெடும்பயணம் செய்ததோடு யானைவேட்டை அநேகமாக முடிந்தது. பாய்க்கப்பற் பந்தயத்திலும் நாட்டம் கொண்டு, 1934 இல் கணவனும் மனைவியுமாகத் திரென்ச்மர் என்ற கப்பலைக் கட்டுவித்தனர்.

குடியேறியது ஸ்கொத்லாந்தின் வட மலைநாட்டிலே, றொஸ் பகுதியிலுள்ள கார்வ் என்னும் ஊருக்கு அண்மையில். கொறிமொயிலி என்பது அவ்விடத்தின் பெயர். அங்கே அவர் மீண்டும் மான்வேட்டைக்காரரானார்.

அந்நாட்டு மான்வேட்டை நம் வன்னிக் காட்டு வேட்டை போன்றதன்று. அங்கே ஒளிந்துகொள்ள மரமில்லை. முழங்காலளவு புதர் மண்டிய, எந்நேரமும் ஈரம் சுவறிய வெறுமலை. அரை மைலுக்கு அப்பாலே மானைத் தொலைநோக்கியிற் கண்டு, காற்று எப்பக்கம் வீசுகிறது என்று அறிந்து, மலையைச் சுற்றி ஏறி இறங்கி, கடைசி நூறு யாரை நீரோடைக்குள் வயிற்றால் ஊர்ந்து கடக்கவேண்டும். துவக்கை முன்னே தள்ளித் தள்ளிப் போகவேண்டும். குழலுக்குள் சேறு புகக்கூடாது. தலையை உயர்த்தும் கணத்திலே நெஞ்சு படபடக்கும். கிடைப்பது ஒரே வெடி. இங்கேதான் பாரமில்லாத் துவக்கின் பெருமையும் தெரியும், அதன் குறையும் தெரியும். நிறை குறையக் குறைய ஒரே தோட்டாவின் உதைப்புக் கூடும். குழல் மெலிந்தால் நடுங்கும் கையோடு சேர்ந்து அதுவும் நடுங்கும். ஆகவே இலகுவான துவக்கை விரும்புபவன் மென்மையான தோட்டாவையும் கூடவே விரும்பவேண்டும். பெருந்தோட்டாவை மெல்லிய துவக்கிலே இட்டவன் முதல் வெடியிலே தோள் நோக, இரண்டாவது வெடியிலே உதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடுவான். சன்னம் மானின் முன்னந்தொடைக்குப் பின்னே, நெஞ்சறையிலே படுவதற்குப் பதிலாகக் குடலிற் படும். காயம்பட்ட மான் மூடுபனிக்குள் மறைந்து இரவெல்லாம் கிடந்து சாகும். மான்வேட்டைத் துவக்கின் தெரிவிலே உண்மையாகப் பணயம் வைக்கப்படுவது அந்த மான் படும் துன்பமே, வாங்குபவனின் பணமன்று. ஏழரை இறாத்தலும் 7 மில்லிமீற்றரும் சேர்ந்த சேர்க்கை நூறு ஆண்டுக்கு மேலாக மதிக்கப்பட்டு வருவது இந்த அளவறிந்த பொருத்தத்தினாலேதான்.

ஆனால் பெல் அங்கேயும் பிறர் வழியிற் போகவில்லை. அமெரிக்காவிலே வின்செஸ்டர் நிறுவனத்தார் 1935 இல் வெளியிட்ட .220 சுவிப்ற் என்னும் புதிய தோட்டாவை எடுத்தார். அதன் சன்னம் 48 கிறெயின், மூன்று கிராம். வேகமோ செக்கனுக்கு 4,100 அடிக்கு மேல். முயல் நரிகளுக்கென்று கருதப்பட்ட இதைக்கொண்டு செம்மான்களை வீழ்த்தி, அதன் வேலையைப் பெரிதும் மெச்சி எழுதினார். அதற்குரிய துவக்கு நீண்ட குழல் கொண்டது. நிறையிலே அத்தனை இலகுவன்று. இலகுவாயிருந்தது உதைப்பு. வெடி தீர்ந்த கணத்திலும் மான் குறியிலிருந்து மறையாமல் கண்முன்னே நிற்கும். சன்னம் எங்கே பட்டது என்பதைச் சுட்டவரே காணலாம். யானைக்கு மெதுவான, உடையாத சன்னம். மானுக்கு மின்னல்போல் விரைந்து உள்ளே சிதறும் சன்னம். முரண்போல் தோன்றும் இவ்விரண்டையும் பெல் ஒரே காரணத்துக்காகவே விரும்பினார் என்று எனக்குப் படுகிறது. இரண்டும் அவருடைய குறியைக் குலைக்கவில்லை.

இதற்கும் சட்டம் வந்தது. 1985 இல் ஸ்கொத்லாந்திலே செம்மானுக்கு 100 கிறெயினுக்குக் குறையாத சன்னம் வேண்டும், வேகம் செக்கனுக்கு 2,450 அடிக்கும் ஆற்றல் 1,750 அடி-இறாத்தலுக்கும் குறையக்கூடாது என்று விதித்தனர். பெல்லின் தோட்டா வேகத்தில் மிக எளிதாகத் தேறும், ஆற்றலிலும் ஒருவாறு தேறும், நிறையிலே தோற்றுவிடும். 2023 இல் அந்த 100 ஐ 80 ஆகக் குறைத்தார்கள். அப்போதும் 48 தேறவில்லை. கை தேர்ந்த ஒருவருக்கு நியாயமானதை எல்லோருக்கும் விதியாக்க முடியாது. ஆதலால் அச்சட்டத்தோடு எனக்குப் பிணக்கில்லை.

அவர் எழுதவும் வல்லவர். சித்திரம் தீட்டவும் வல்லவர். 1923 இலும் 1949 இலும் வெளிவந்த தம் வேட்டை நூல்களுக்குத் தாமே படங்களும் வரைந்தார். 1954 ஜூன் 30 இல் கொறிமொயிலியிலே மாரடைப்பால் இறந்தார். எஞ்சிய எழுத்துகள் 1960 இல் நூலாயின. அவருடைய .275 றிக்பிகளுள் ஒன்றை அமெரிக்க எழுத்தாளர் றொபர்ட் றுவாக் விலைக்கு வாங்கினார். வாங்கியது தமக்கன்று, கிழக்கு ஆபிரிக்க வேட்டைக்காரரான தம் நண்பர் ஹரி செல்பியின் மகனுக்கு. அவன் அப்போது சிறு பையன்.